காதணி விழா ஃபிளெக்ஸும் கழிவுநீர் லாரியும்

உங்கள் இதழியல் துறை ஆண்டுமலருக்கு முதலில் அரவிந்திடம்தான் கட்டுரை கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். போனில் பேசிய மாணவி அதை மறைக்கவில்லை. அரவிந்த் சாருக்கு நேரம் இல்லையாம், உங்கள் எண்ணைக் கொடுத்ததே அவர்தான், நீங்களும் நன்றாக எழுதுவீர்கள் என்று சொன்னார் என்றார். என் அனுபவத்தை நான் எழுதவும் அவன் சிபாரிசு வேண்டியிருக்கிறது. தலைப்பும் அவனை மனத்தில் வைத்து யோசித்ததுதான்: செய்தியாளர் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற நிருபர்' என்று போடலாமா என்றும் கேட்டீர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. பத்திரிகை மதுரை அலுவலகத்தைச் சுருக்கியபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்துக்கு அறிக்கைகள் எழுதிக்கொடுக்கிறேன். அதனால் ஓய்வு என்றே போட்டுக்கொள்ளுங்கள். பொய்யில்லை.

என் அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அங்கேயே வெங்காயம் தரம் பிரிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். இதழியல் படிக்கிறேன் என்று சொன்னபோது, படித்து முடித்தால் எந்த ஆபீஸில் உட்கார வைப்பார்கள் என்று சொந்தத்தில் எல்லோரும் கேட்டார்கள். உட்கார வைக்க மாட்டார்கள், அலைய விடுவார்கள் என்று எனக்கே அப்போது தெரியாது. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அரசு மருத்துவமனை, மின்தடை அறிவிப்பு, மறுபடியும் குறைதீர் கூட்டம்.

நான் சேர்ந்த வாரத்திலேயே சேர்ந்தவன் அரவிந்த். அப்பா பேராசிரியர், அம்மா வங்கி அதிகாரி. சாப்பிடும்போது தலையங்கத்தைப் பற்றிப் பேசுகிற வீடு. அவன் மேல் எனக்குப் பொறாமை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கட்டுரை முழுக்க அதை மறைக்கிற வேலையே எனக்குச் சரியாகிவிடும்.

எங்கள் அலுவலகத் தலைவர் தாமோதரன் சார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்திருந்தால் எங்களை 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'சார்' என்பார். மீசை சரியாக முளைக்காத பையனைப் பார்த்து அவர் "வாங்க சார், உக்காருங்க சார்" என்றால், பக்கத்து மேசைக்காரர்கள் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற காணொளியை அவர் பார்க்கிற முறை ஒன்று உண்டு. கட்டுரையில் வேறெதை மறந்தாலும் நீங்கள் இதை மறக்கக் கூடாது. போனைக் கையில் வாங்கியதும் கூட வந்திருக்கிற எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டு ஒரு முறை பார்ப்பார். அடுத்து அறையின் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, போனை மேசையில் கவிழ்த்து வைத்து, சத்தத்தை மட்டும் கேட்பார். மதுரைச் சித்திரை வெயிலில் விசிறி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் கழுத்தில் வியர்வை இறங்கும். யாரும் அசைய மாட்டோம். ஒரு முறை நம் ஊர்ச் சாலைமறியல் என்று ஊரெல்லாம் பரப்பிய ஒரு காணொளியில், பின்னணியில் ஒரு நடத்துனர் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுவது அப்படித்தான் கேட்டது. நம் மாவட்டத்துப் பேருந்து எதுவும் போகாத ஊர் அது. மூன்றாவது முறை படமும் சத்தமும் சேர்த்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கட்டைவிரல் நகரும்.

அடுத்து, யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தார், எடுத்தவரிடம் பேசினாயா என்று கேட்பார். அனுப்பியவரிடம் பேசினேன் சார் என்று ஒரு முறை சொன்னேன். "தபால்காரர்ட்ட பேசிட்டு வந்துருக்கீங்க சார்" என்றார். அன்றைக்கு நான் டீ குடிக்கவே போகவில்லை.

இந்த முறையை எனக்கும் அரவிந்துக்கும் ஒரே நாளில்தான் சொல்லிக்கொடுத்தார். அவனுக்கு அது பிடிபட்ட வேகத்தைக் கப்பலூரில் பார்த்தேன். சரியாகச் சொன்னால், கப்பலூரில் நான் இருந்தேன், அவன் இல்லை. தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு தீப்பிடித்தது என்று தகவல் வந்ததும், விளாங்குடியில் இருந்த நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். தீயணைப்புக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாம்பல் நாற்றத்தைக் குறித்துக்கொண்டு திரும்பினேன்.

அரவிந்த் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பையன்களில் பாதிப் பேர் அவன் ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடர்கிறவர்கள். தீ பிடித்த நிமிடத்திலிருந்து அவனுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவன் அதை அப்படியே எடுத்துப் போடவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினான். "அண்ணே, கட் பண்ணாம, நிக்கிற எடத்துல நின்னுக்கிட்டே ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க" என்று கேட்டான். அந்த ஒரு சுற்றில் பெயர்ப்பலகையும் சாலையும் தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டன. இடமும் நேரமும் உறுதி. யாரும் கிட்டே போய் எடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னான். படம் எடுத்தவர் பெயரைப் போட்டால் வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டுவிட்டு, வரும் என்று சொன்னவர்களின் பெயரைக் கடைசிவரை வெளியே விடவில்லை. இதெல்லாம் செய்தியாளர் செய்ய வேண்டிய முறை. எழுத எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் உங்களுக்காக எழுதுகிறேன்.

மறுநாள் என் செய்தி உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. அவன் காணொளியை ஊரே பார்த்தது.

ஊர் பார்த்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், என் அப்பாவும் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. என் பெயரோடு செய்தி வந்த நாளில் தாளைக் காட்டினால், விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "போட்டோ போடலயா?" என்பார். தங்கை அவருக்கு ஒரு போன் வாங்கிக்கொடுத்த பிறகு அரவிந்த் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை என் பக்கம் திருப்பினார்.

"இந்தத் தம்பி உங்க ஆபீஸ்தான? எம்புட்டுத் தெளிவாச் சொல்றான் பாரு. எனக்கே வெளங்குது."

நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் எழுதப் படித்த முதல் ஆள் எழுதுவதை அவரால் படிக்க முடியாது. யார் வீட்டுப் பிள்ளையோ பேசுவது அவருக்குப் புரிகிறது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

நானும் ஒரு பக்கம் தொடங்கிப் பார்த்தேன். பின்தொடர வந்தவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா மக்கள். கேமராவைப் பார்த்துப் பேசினால், பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்த நாளின் முகம் எனக்கு வந்துவிடும். "அண்ணே, கீழ்வீட்டுல யாரும் செத்துட்டாகளா?" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தான். அதோடு விட்டுவிட்டேன்.

லாரி விவகாரம் வந்தது இப்படியான ஒரு காலத்தில்தான்.

பரவையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு வாய்க்கால் ஓரம் தங்கம் என்கிற அக்கா கீரை போட்டு மார்க்கெட்டில் விற்பார். கணவர் இல்லை. ஒரே மகன் கார்த்தி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதி, ஓடி, கயிறு ஏறி, சான்றிதழும் காட்டி முடித்திருந்தான். காவல் நிலையத்தில் நன்னடத்தை விசாரித்துச் சரி என்று எழுத வேண்டியது மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு விடியற்காலையில், ஒரு கழிவுநீர் லாரி வாய்க்கால் கரையில் பின்பக்கமாக வந்து நின்று குழாயைத் தண்ணீருக்குள் விடுவதைப் பார்த்துப் படம் எடுத்தான். எங்கள் கீரைக்குப் பாய்கிற தண்ணீர் என்று அவன் குரல் அதில் நடுங்கும். வண்டி எண் தெளிவாகத் தெரியும். ஊர் ஃபேஸ்புக் குழுவில் போட்டான். காட்டுத்தீ மாதிரிப் பரவியது.

லாரிக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. இது இரண்டு வருடத்துக்கு முந்தைய படம், அப்போது இருந்த ஓட்டுநர் செய்த தப்பு, அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டேன், பழைய படத்தைப் போட்டு என் தொழிலைக் கெடுக்கிறார்கள் என்று பதில் போட்டார். எது உண்மை என்று ஊர் கேட்டது. யாரிடம்? அரவிந்திடம். 'அண்ணே, நீங்க சொல்லுங்க' என்று அந்தக் காணொளியின் கீழே அவன் பெயரை வரிசையாக இழுத்துவிட்டிருந்தார்கள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருவரும் இழுக்கவில்லை.

அரவிந்த் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். லாரிக்குப் பின்னால் சாய்வாக ஒரு ஃபிளெக்ஸ் துண்டு தெரிந்தது. கிரீடம் வைத்து ஊஞ்சலில் உட்கார்ந்த இரண்டு சிறுமிகள், கீழே வரிசையாகத் தாய்மாமன்மார் முகம், காதணி விழா என்ற எழுத்து, தேதி. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதோடு அவன் நிற்கவில்லை. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைகள் தாங்கள் அடித்ததைத் தங்கள் பக்கத்தில் போட்டுவைப்பார்கள். அங்கே தேடி, அதே ஊஞ்சல், அதே மாமன்மாரைக் கண்டுபிடித்துவிட்டான். அதுவும் அதே பழைய மாதத்தில் போட்டது. விழா முடிந்த சில நாளில் ஃபிளெக்ஸை இறக்கிவிடுவார்கள், ஆகவே இந்தக் காணொளி பழையது என்று அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கித் தன் பக்கத்தில் வெளியிட்டான். எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

லாரிக்காரர் அந்தப் பதிவை அச்செடுத்துப் புகாரோடு இணைத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தார். அவதூறு, வதந்தி. ஆய்வாளர் கார்த்தியைக் கூப்பிட்டு, படம் புதியது என்று நாளை மறுநாளுக்குள் காட்டு, இல்லையென்றால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அவனுக்கு நன்னடத்தை எழுத வேண்டிய நிலையமும் அதுதான்.

தங்கம் அக்கா மார்க்கெட்டில் என் அப்பாவைப் பிடித்து அழுதிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"அந்தப் பேசுற தம்பிகிட்டச் சொல்லி, அந்தப் பயலக் காப்பாத்திவிடச் சொல்லுப்பா."

"அப்பா, இம்புட்டுக்கும் காரணமே அந்தப் பேசுற தம்பிதான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அவன்கிட்டத்தான சொல்லணும்" என்றார்.

நான் அரவிந்திடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பிப் போனேன். கார்த்திக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அரவிந்த் தப்பாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது என் பைக்கை ஓட்டியது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில், படம் எடுத்த போனிலுள்ள மூலப்படத்தைக் கேட்டேன். செய்தியாளர் கேட்க வேண்டிய முதல் பொருள் அதுதான். பரப்பப்பட்ட நகலில் எடுத்த நாள், நேரம் எதுவும் இருக்காது. கார்த்தியிடம் அது இல்லை. புகார் என்றதும் பயந்துபோன அவன் மாமா, முதலில் எல்லாவற்றையும் அழி என்று சொல்லியிருக்கிறார். அழித்தது குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதையும் காலி செய்ய வைத்துவிட்டார். அழித்தவன் என்பதாலேயே நிலையத்தில் அவன் மேல் சந்தேகம் கூடியிருந்தது.

"அண்ணே, எஃப்.ஐ.ஆர். போட்டுட்டா வெரிஃபிகேஷன்ல போயிருமாண்ணே?"

போய்விடும் என்றேன். வேறென்ன சொல்ல? தங்கம் அக்கா கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே தெளித்த கட்டுகளுக்கே மறுபடியும் தெளித்தார்.

அவன் நின்று எடுத்த இடத்தில் அவனையே நிற்கவைத்தேன். போனில் அந்தக் காணொளியை ஓடவிட்டு, படத்தில் இருக்கிற வேம்பையும் எதிரே இருக்கிற வேம்பையும் பொருத்திப் பார்த்தேன். லாரி நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு பஞ்சர் கடை. அதன் கூரையிலிருந்து சாய்வாகத் தொங்கியது அதே ஃபிளெக்ஸ். அதே கிரீடம், அதே மாமன்மார். வெயில் தட்டித் தட்டி ஒரு மாமனுக்கு முகம் வெளுத்திருந்தது. தேதி மட்டும் புதிதுபோல் பளிச்சென்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு மேல் ஒரு வேட்பாளர் இரண்டு மூன்று தேர்தல் காலம் கைகூப்பியபடியே மழையைத் தாங்கினார். அவர் அந்தத் தேர்தலில் தோற்றவர். இந்தப் பக்கம் ஃபிளெக்ஸுக்கு விழா முடிந்த பிறகுதான் ஆயுசே தொடங்கும். நெல்லுக்கு மூடாக்கு, குளியலறைக்கு மறைப்பு, தள்ளுவண்டிக்குக் கூரை. இறக்கிவிடுவார்கள் என்று அரவிந்த் எழுதியது சரி. இறக்கியது எங்கே ஏறும் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் வீட்டுக்கு மேலே கான்கிரீட். நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் எனக்குத் தெரிவது வேறு, காட்ட முடிவது வேறு. ஃபிளெக்ஸ் எப்போது கூரை ஏறியது? கடைக்காரர் யூசுப் பாய் ஒரு டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். விழா நடந்த மண்டபத்து வாட்ச்மேன் எடுத்துவைத்திருந்து கொடுத்தது, முன்னே நீலத் தார்ப்பாய் இருந்தது, அது கிழிந்த பிறகுதான் இது என்றார். எப்போது கிழிந்தது?

"அட, காத்துல கிழிஞ்சிச்சு தம்பி. தார்ப்பாய் கிழிஞ்சதுக்கெல்லாம் நா தேதி குறிச்சு வருசாவருசம் பாத்திஹாவா ஓதுறேன்?"

அவர் சொல்வதும் நியாயம்தான். அவர் ஞாபகத்தை வைத்து ஆய்வாளரிடம் போக முடியாது. கடையைப் படம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். கூச்சப்பட்டார். அக்கா மகன் ஒருத்தன் இன்ஸ்டாவில் என்னவோ போட்டான், கடைக்கு விளம்பரமாம், நான் டயரை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி எடுத்தான் என்றார். அந்த மருமகனின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். போன தீபாவளிக்குப் போட்ட ரீல் அது. 'தீபாவளி ஆஃபர்: பஞ்சர் ஒட்டினால் காற்று இலவசம்' என்று எழுதியிருந்தது. பாய் கறுப்புக் கண்ணாடி போட்டு டயரை உருட்டிக்கொண்டு வருகிறார். அவர் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். ஃபிளெக்ஸ் இல்லை.

அப்படியென்றால் போன தீபாவளி வரைக்கும் அந்த ஃபிளெக்ஸ் அங்கே ஏறவில்லை. ஃபிளெக்ஸ் ஏறிய பிறகு எடுத்த காணொளி இரண்டு வருடம் பழையதாக இருக்கவே முடியாது.

தாமோதரன் சாரின் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. ரீல் போட்ட நாள் சரி, எடுத்த நாளும் அதுதானா? மருமகனைக் கூப்பிட்டுப் பேசினேன். எடுத்த அன்றைக்கே போட்டதாகச் சொன்னான். அவன் போனில் மூலப்படம் அப்படியே இருந்தது. நாள், நேரம் தெரிகிற மாதிரி அனுப்பச் சொல்லி வாங்கினேன். ரீலுக்குக் கீழே அன்றைக்கே வந்த கமெண்ட்டுகளையும் பதிவு செய்துகொண்டேன். 'மாமா, காற்று எப்பவுமே இலவசம்தானே' என்று அதில் ஒருவர் கேட்டிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் தலைப்பு யோசித்தேன். 'உண்மை கண்டறிந்தவர் கண்ட பொய்.' என் பெயர், முதல் பக்கம். அரவிந்த் மேசையைத் தாண்டி நேராகத் தாமோதரன் சார் அறைக்குப் போனேன்.

அவர் விசிறியை நிறுத்தச் சொன்னார். கார்த்தியின் படத்தை மூன்று முறை, ரீலை மூன்று முறை. பிறகு நான் எடுத்து வந்த கூரைப் படம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்து, "அரவிந்த் சார், கொஞ்சம் வாங்க சார்" என்றார்.

அரவிந்த் பார்த்தான். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ரீலில் நீலத் தார்ப்பாயைக் கண்டதுமே முகம் சுண்டிவிட்டது. நான் வருடக்கணக்காகப் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

"எடத்துக்குப் போனீங்களா சார்?" என்று தாமோதரன் சார் அவனைக் கேட்டார்.

"இல்ல சார்."

"எடுத்த பையன்ட்ட பேசுனீங்களா சார்?"

"மெசேஜ் போட்டேன் சார். பதில் வரல."

"பதில் வரலன்னா பதில் வரலன்னு போடணும். அவன் பழசப் போட்டான்னு போடக் கூடாது."

நான் என் தலைப்பைச் சொன்னேன். தாமோதரன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்லப்பாண்டி சார்," என்றார். நானும் சார் ஆகிவிட்டேன். "ஸ்டேஷன்ல அந்தப் புகாரோட பின் பண்ணியிருக்கிறது நம்ம பேப்பரா, இவரு போட்ட பதிவா?"

"பதிவு சார்."

"நாளைக்கு நீங்க பேப்பர்ல எழுதுனா, ஒரு நிருபர் பழசுங்கிறான், இன்னொரு நிருபர் புதுசுங்கிறான்னு ஆகும். ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். லாரிக்காரன் அதத்தான் சொல்லுவான். தப்பு எந்த வாசல் வழியாப் போச்சோ, திருத்தமும் அந்த வாசல் வழியாத்தான் போகணும். போட்டவர்தான் போடணும். இன்னைக்கே."

"அப்ப நான் கண்டுபிடிச்சது சார்?"

"அந்தப் பையனுக்கு வேலை வேணுமா, உங்களுக்குத் தலைப்பு வேணுமா?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் போனிலிருந்த ரீல், மூலப்படம், கமெண்ட், கூரைப் படம் எல்லாவற்றையும் அரவிந்துக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றும் போய்ச் சேருகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்றும் தாமோதரன் சார் சொன்னார். பழைய பதிவை அழிக்கக் கூடாது. அழித்தால் அதன் அச்சு மட்டும் காவல் நிலையத்தில் மிஞ்சும். அதன் தலையிலேயே இது தவறு என்று எழுத வேண்டும். புதிய பதிவு பழையதைப் போலவே பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தின் உச்சியில் நிற்க வேண்டும். 'சிறு தவறு' 'அறியாமல்' போன்ற சொல் எதுவும் கூடாது. எழுதி முடித்த கையோடு நிலையத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அரவிந்த் சாக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பாண்டி, எடத்தக் காட்டுறியா?" என்று மட்டும் கேட்டான். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான். பாய் கடைக் கூரைக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே இருந்த மாமன்மாரைக் காட்டி ஒரே மூச்சில் பேசினான். நான் சொன்னது தப்பு. நான் இங்கே வரவில்லை. படம் எடுத்தவரிடம் பேசவில்லை. வந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் என் சக நிருபர் செல்லப்பாண்டி. இந்தப் படம் பழையதல்ல. கேமராவை நான்தான் பிடித்தேன்.

அங்கிருந்து நேராக நிலையத்துக்குப் போனோம். ஆய்வாளர் அவன் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு, "நீங்க போட்டத நம்பித்தான தம்பி நானே அந்தப் பயல மெரட்டுனேன்" என்றார். புகாரில் நின்ற ஒரே கால் அதுதான். அதை எடுத்துவிட்டதும் புகார் உட்கார்ந்துவிட்டது. வழக்கு இல்லை. கார்த்திக்கு நன்னடத்தையில் குறை எதுவும் எழுதவில்லை. லாரிக்காரருக்கு அபராதம் போட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அந்த வண்டி அந்த வாய்க்காலுக்கு வரவில்லை. எந்த வாய்க்காலுக்குப் போனது என்று தெரியாது.

தப்பு செய்தவன் தலைகுனிந்து நிற்பான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அந்தத் திருத்தம் அவன் போட்ட தப்பை விடப் பல மடங்கு ஓடியது. இப்படி ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்று ஊர் உருகியது. அவனைப் பின்தொடர்கிறவர்கள் கூடினார்கள். எனக்கும் சிலர் வந்தார்கள். அதில் யூசுப் பாயின் மருமகனும் ஒருவன்.

என் செய்தி மறுநாள் உள்பக்கத்தில் பெயரோடு வந்தது. வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. அப்பா அரவிந்தின் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'என் சக நிருபர் செல்லப்பாண்டி' என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் கேட்டார். மார்க்கெட்டில் மூட்டை இறக்கி நிற்கிறவர்களிடமெல்லாம் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டியதாக அம்மா சொன்னார். வருடக்கணக்காகத் தாளில் வந்த என் பெயரை அப்பா முதன்முதலாகக் கேட்டது அவன் வாயால்தான். சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் எழுந்து போய்க் குளித்தேன்.

பயிற்சி முடித்த கார்த்தியை நான் அடுத்துப் பார்த்தது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில். வைகைக் கரையில் கட்டை போட்டு மறித்த இடத்தில் நானும் அரவிந்தும் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நசுங்கிக்கொண்டிருந்தோம். காக்கிச் சட்டையில் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எங்களை உள்ளே இழுத்துவிட்டான். என்னைப் பார்த்து, வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தான். பிறகு அரவிந்த் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றுகொண்டு, தன் போனை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, சாரோட ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கண்ணே. அம்மாட்ட காட்டணும்."

எடுத்தேன். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியதில் கை ஆடிவிட்டது. படத்தில் அவன் தொப்பி பாதிதான் விழுந்திருந்தது. போதும் பாண்டி, வா என்றான் அரவிந்த். இரு என்றேன். கார்த்தியை ஒரு அடி முன்னால் வரச் சொல்லி, தொப்பியும் நெஞ்சில் குத்தியிருந்த பெயரும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்தேன். அதில் அரவிந்தின் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன்.